பொறித்த நாளும் பிறந்த நாளும்: பழைய சேஃப்டி ரேசர்களை இனங்காணலும் காலங்கணித்தலும்

ஆய்வுச் சுருக்கம்

அன்றாடப் புழங்குபொருள்களைச் சமூக, பொருளியல் வரலாற்றுக்குச் சான்றாகக் கொள்ளுமுன் அவற்றின் காலத்தை உறுதிசெய்தல் இன்றியமையாதது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவில் செய்யப்பட்ட சேஃப்டி ரேசர்களில், குறிப்பாக ஜில்லெட் நிறுவனக் கருவிகளில், பொறிக்கப்பட்டுள்ள காப்புரிமை நாளை அக்கருவி செய்யப்பட்ட ஆண்டாகக் கொள்ளும் வழக்கம் பரவலாக உள்ளது. இவ்வழக்கம் பிழையானது என்பதையும், கருவியின் அமைப்பு, பொறிப்பின் வடிவம், ஆண்டுக் குறியெழுத்து ஆகியவற்றை ஒருங்கே நோக்கிக் காலத்தை வரையறுக்க இயலும் என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. ஜில்லெட்டின் வணிகமுறை குறித்து நிலவும் புகழ்பெற்ற கதையொன்றை மதிப்பிடுவதற்கும் இக்காலங்கணிப்பு அடிப்படையாவதைச் சுட்டுகிறது.

திறவுச் சொற்கள்: சேஃப்டி ரேசர், ஜில்லெட், காப்புரிமைப் பொறிப்பு, காலங்கணிப்பு, புழங்குபொருள் ஆய்வு, உறைந்த ஆண்டு.

முன்னுரை

கல்வெட்டு, செப்பேடு, காசு, ஓலைச்சுவடி ஆகியவற்றின் காலத்தைக் கணிக்க நம்மிடம் செவ்விய முறைகள் உள்ளன. நூறாண்டுக்கு உட்பட்ட தொழிற்சாலைப் பொருள்களுக்கு அத்தகைய கவனம் செலுத்தப்படுவதில்லை. அவற்றின் மேல் ஆண்டு அச்சிடப்பட்டிருப்பதே இதற்குக் காரணம் எனலாம். எழுதியிருப்பதைப் படித்தால் போதும் என்ற எண்ணம் எழுகிறது. அந்த எண்ணம் எவ்வளவு தூரம் நம்மைத் தவறான வழியில் செலுத்தும் என்பதற்குச் சேஃப்டி ரேசர் நல்லதோர் எடுத்துக்காட்டு.

ஒரு பொருள் எந்த நாளுக்கு முன் செய்யப்பட்டிருக்க இயலாதோ அந்நாளை இக்கட்டுரை ‘முன்னெல்லை’ என்றும், எந்த நாளுக்குப் பின் செய்யப்பட்டிருக்க இயலாதோ அந்நாளைப் ‘பின்னெல்லை’ என்றும் குறிக்கிறது. மேலெல்லை, கீழெல்லை என்னும் சொற்கள் நம் இலக்கிய வரலாற்று நூல்களில் இருவிதமாகவும் ஆளப்பட்டுள்ளமையால் அவற்றைத் தவிர்த்துள்ளேன்.

கருவியின் வரலாறு

தோலை வெட்டாமல் மழிக்கும் கருவிக்கான முயற்சி ஜில்லெட்டுக்கு நெடுங்காலம் முந்தியது. 18ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரக் கத்தித் தொழிலாளர் ழான்-ழாக் பெரே, மரக்காப்பு பொருத்திய சவரக்கத்தியை அமைத்தார். தாமே மழித்துக்கொள்ளும் கலை குறித்து 1769இல் நூலொன்றும் வெளியிட்டார். 1847இல் வில்லியம் ஹென்சன் என்னும் ஆங்கிலேயர் கைப்பிடிக்குக் குறுக்காக அலகை வைத்தார். மண்வெட்டியின் அமைப்பை ஒத்த இவ்வடிவமே இன்றுவரை தொடர்கிறது. 1880இல் நியூயார்க்கின் காம்ஃப் சகோதரர்கள் காப்புரிமை பெற்று, ‘ஸ்டார்’ என்னும் பெயரில் விற்ற கருவி அமெரிக்காவில் பெருவழக்குப் பெற்றது. ஆயினும் அதன் அலகு தடித்தது. அடிக்கடி தீட்டப்பட வேண்டியது.

தீட்டவே வேண்டாத, மழுங்கியதும் எறிந்துவிடத்தக்க மெல்லிய பிளேடு என்பது கிங் கேம்ப் ஜில்லெட்டின் கருத்து. புட்டி மூடிகள் செய்யும் நிறுவனத்தில் விற்பனையாளராகப் பணியாற்றிய அவருக்கு இவ்வெண்ணம் 1895இல் தோன்றியது. மெல்லிய எஃகுத் தகட்டைக் கடினப்படுத்தி விளிம்பு தீட்டும் தொழில்நுட்பத்தை உருவாக்கியவர் வில்லியம் நிக்கர்சன் என்னும் பொறியாளர். நிறுவனத்துக்குத் தம் பெயரையும், பிளேடு உறைகளுக்குத் தம் முகத்தையும் ஜில்லெட் கொடுத்தமையால் நிக்கர்சன் மறக்கப்பட்டார். 1901இல் பாஸ்டன் நகரில் நிறுவனம் தொடங்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 3 அன்று காப்புரிமை விண்ணப்பம் அளிக்கப்பட்டது. விற்பனை தொடங்கிய 1903ஆம் ஆண்டில் 51 ரேசர்களும் 168 பிளேடுகளுமே விற்றன. அடுத்த ஆண்டில் ரேசர் விற்பனை ஏறத்தாழ 90,000 ஆயிற்று. 1904 நவம்பர் 15 அன்று 775134, 775135 என்னும் எண்களில் காப்புரிமை கிட்டியது.

சட்டம் கோரிய பொறிப்பு

1904 நவம்பர் 15 என்னும் இந்நாளே பழைய ஜில்லெட் கருவிகளில் காணப்படுவது. ஏலப் பட்டியல்களிலும், சில வேளைகளில் காட்சிக்கூடக் குறிப்புகளிலும், இப்பொறிப்புள்ள கருவி ‘1904ஆம் ஆண்டு ரேசர்’ என்றே குறிக்கப்படுகிறது.

இதனை மறுக்கத் தொழில்நுட்பம் எதுவும் வேண்டியதில்லை. நவம்பர் 15 அன்று கிடைத்த உரிமையை அதற்கு முன் செய்த கருவியில் பொறித்திருக்க இயலாது. 1904ஆம் ஆண்டில் அந்நாளுக்குப் பின் எஞ்சியவை ஆறரை வாரங்கள். எனவே, அவ்வாண்டு விற்ற ஏறத்தாழ 90,000 கருவிகளுள் பெரும்பாலானவற்றில் இந்நாள் இருப்பதற்கே வழியில்லை. நேர்மாறாகச் சொன்னால், ‘1904’ எனப் பொறித்த ரேசர் 1904இல் செய்யப்பட்டிருப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு.

அப்படியாயின் அந்நாள் ஏன் பொறிக்கப்பட்டது? அமெரிக்கக் காப்புரிமைச் சட்டம் 1842 முதல் உரிமை பெற்ற பொருளில் உரிமை வழங்கப்பட்ட நாளைப் பொறிக்குமாறு கோரியது. பொறிப்பு இல்லையெனில், உரிமையை மீறியவரிடம் இழப்பீடு கோரும் வழி குறுகிவிடும். ஆகவே அது போட்டியாளரை நோக்கிய எச்சரிக்கை. வாங்குபவருக்குக் கருவியின் வயதைச் சொல்ல வேண்டும் என்பது எவர் நோக்கமும் அன்று. உரிமை நடப்பிலிருந்த 17 ஆண்டுகளும், அதாவது 1921 நவம்பர் வரையும், அதே நாளைப் பொறிக்க நிறுவனத்துக்குக் காரணம் இருந்தது. 1906இல் செய்ததும் 1912இல் செய்ததும் 1919இல் செய்ததும் இப்பொறிப்பால் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடா.

ஜில்லெட்டுக்கு மட்டும் உரிய சிக்கலன்று இது. எவர்-ரெடி நிறுவனம் செய்த ஒற்றை விளிம்பு ரேசர் ஒன்றைச் சேகரிப்பாளர்கள் ‘1914’ என்றே பெயரிட்டு அழைக்கின்றனர். 1914 மார்ச் 24 என்பது அதன் காப்புரிமை நாள். பெயராக நின்றுவிட்ட ஆண்டு, நாளடைவில் பிறந்த ஆண்டாகவும் கொள்ளப்பட்டுவிடுகிறது. ‘ஸ்டார்’ கருவிகளிலோ பல காப்புரிமை நாள்கள் அடுக்கிப் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றுள் முதலாவதைப் பார்த்துக் காலம் சொல்வோர் உண்டு. முன்னெல்லையாகக் கொள்ளத்தக்கது கடைசி நாளே. முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி ஆட்சியாண்டு ஏற ஏறப் புதிய வெற்றிகள் சேர்ந்து நீள்வதையும், கல்வெட்டறிஞர் அவற்றுள் இறுதி வெற்றியைக் கொண்டு கல்வெட்டின் காலத்தை மதிப்பிடுவதையும் அறிந்தவர்க்கு இம்முறை புதிதன்று.

சட்டத்தின் வரலாறு நமக்கு இன்னுமொரு கருவியைத் தருகிறது. 1927இல் அமெரிக்கச் சட்டம் திருத்தப்பட்டு, நாளுக்கு மாறாகக் காப்புரிமை எண்ணைப் பொறிக்கும் முறை வந்தது. இதனால் ‘இன்ன நாளில் உரிமை பெற்றது’ என்னும் வாய்பாடு பொதுவாக முந்திய உரிமைகளையும், ‘காப்புரிமை எண் இன்னது’ என்னும் வாய்பாடு பிந்திய உரிமைகளையும் சுட்டும். 1930இல் வந்த ஜில்லெட் ‘நியூ’ வகையில் நாள் காணப்படாமல், மறுவெளியீட்டுக் காப்புரிமை 17567 என்னும் எண் காணப்படுவது இதற்குப் பொருந்துகிறது. பொறிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட அது எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்பது சில வேளைகளில் மிகுதியாகப் பேசும்.

உறைந்த ஆண்டு: ஓர் ஒப்பீடு

நாணயவியலில் ‘உறைந்த ஆண்டு’ என்றொரு வழக்கு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பதிற்றாண்டுகளில் சென்னை அக்கசாலையில் அடித்த ஆற்காட்டு ரூபாய்களில் முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீரின் பெயரும், ஹிஜ்ரி 1172 என்னும் ஆண்டும், அவரது 6ஆம் ஆட்சியாண்டும் காணப்படும். ஆலம்கீர் இறந்தது 1759இல். இறந்து அரை நூற்றாண்டு கடந்த அரசரின் ஆண்டைக் கம்பெனி மாற்றாமல் விட்டதற்குக் காரணம், சந்தை அந்த முகப்பையே நம்பியது என்பது. அக்காசுகளை 1758-59க்கு உரியவை என எந்த நாணயவியலாரும் எழுதார். எழுத்தமைதி, விளிம்பின் செய்நேர்த்தி, அக்கசாலைக் குறி ஆகியவற்றைக் கொண்டே பிரிப்பர்.

ரேசரின் நிலையும் இதுவே. உறைவதற்கான காரணம் மட்டும் வேறு. காசில் ஆண்டை உறைய வைத்தது மக்களின் நம்பிக்கை. ரேசரில் அதை உறைய வைத்தது உரிமைச் சட்டம். முதற்பதிப்பு முன்னுரையின் நாளைத் தாங்கியே வெளிவரும் மறுபதிப்பு நூலைக் கையாண்டவர்க்கும் இவ்விடர் தெரிந்திருக்கும்.

அமைப்பு சொல்லும் காலம்

பொறிப்பு உறைந்திருக்கும்போது பொருளின் உடலைப் படிக்க வேண்டியுள்ளது. இவ்வகையில் மிகத் தெளிவான சான்று, பிளேடு அமர்ந்திருக்கும் முறை.

தொடக்க கால ஜில்லெட் ரேசர் மூன்று உறுப்புகளைக் கொண்டது: மேல்மூடி, சீப்புப்பல் போன்ற விளிம்புடைய காப்புத்தகடு, கைப்பிடி. மேல்மூடியின் அடியில் நடுவே திருகாணியும் இருபுறம் இரு முளைகளும் இருக்கும். அவற்றுக்கு ஏற்பப் பிளேடில் மூன்று வட்டத் துளைகள். இவ்வமைப்பு 1930 வரை அடிப்படையில் மாறவில்லை.

ஆனால் 1921இல் காப்புத்தகடு மாறியது. மூலக் காப்புரிமை முடியவிருந்த அவ்வாண்டில், நிறுவனம் ‘நியூ இம்ப்ரூவ்டு’ என்னும் திருத்திய வடிவத்தை வெளியிட்டது. இதன் காப்புத்தகட்டில் பிளேடைத் தாங்கி வளைக்கும் தோள்போன்ற மேடு உண்டு. பொறிக்கப்பட்ட நாள் 1920 சனவரி 13. இங்கும் பொறித்த நாளுக்கும் சந்தைக்கு வந்த நாளுக்கும் ஓராண்டுக்கு மேல் இடைவெளி இருப்பது காண்க. இதற்கு முந்திய அமைப்பைச் சேகரிப்பாளர்கள் ‘ஓல்டு டைப்’ என்கின்றனர். காப்புத்தகட்டின் குறுக்கு வெட்டுத் தோற்றத்தை நோக்கினாலே இவ்விரண்டையும் பிரித்தறியலாம்; பொறிப்பு தேய்ந்துபோனவற்றுக்கும் இது பயன்படும்.

1930இன் மாற்றம் சுவையான பின்னணி கொண்டது. ஆட்டோஸ்ட்ராப் நிறுவனத்தின் ஹென்றி கெய்ஸ்மன் ஜில்லெட் ரேசரிலும் பொருந்தக்கூடிய, ஆனால் வேறுவகைத் துளையுடைய ‘புரோபாக்’ பிளேடை உருவாக்கிக் காப்புரிமை பெற்றார். ஜில்லெட் நிறுவனமும் துளை வடிவத்தை மாற்றிய புதிய பிளேடையும் ‘நியூ’ ரேசரையும் வெளியிட, உரிமைப் பூசல் மூண்டது. அவ்வாண்டே இரு நிறுவனங்களும் இணைந்தன. இணைப்பின்போது நடந்த கணக்காய்வில் ஜில்லெட் தன் வருவாயைப் பல ஆண்டுகளாக மிகைப்படுத்திக் காட்டியிருந்தது வெளிப்பட்டது. கெய்ஸ்மன் தரப்பின் கை ஓங்கியது. முன்னர்க் குறித்த 17567 என்னும் எண் கெய்ஸ்மனின் காப்புரிமைக்கு உரியது. வென்றவரின் எண் தோற்றவரின் பெயர்தாங்கிய கருவியில் பொறிக்கப்பட்டது எனலாம்.

காலங்கணிப்புக்கு இதனால் கிடைப்பது ஓர் எளிய சோதனை. நடுவில் நீள்பிளவுடைய பிற்காலப் பிளேடு பழைய ரேசரிலும் பொருந்தும். மூன்று வட்டத் துளைகள் மட்டுமுடைய பழைய பிளேடு ‘நியூ’ ரேசரில் பொருந்தாது. ஆகவே பழைய ரேசரின் பெட்டியில் புதிய பிளேடு கிடைத்தால், அது கருவியின் காலத்தைக் குறைக்காது. அக்கருவி எவ்வளவு காலம் பயன்பாட்டில் இருந்தது என்பதைக் காட்டும். புழங்குபொருள் ஆய்வாளருக்கு இச்செய்தி செய்யப்பட்ட ஆண்டைவிட மதிப்புடையதாகவும் இருக்கக்கூடும்.

பிற அமைப்பு மாற்றங்களைச் சுருக்கமாகக் குறிக்கலாம். கைப்பிடியின் அடியைத் திருகினால் மேல்மூடி இரு கதவுகளாகத் திறக்கும் அமைப்பு 1934இல் ‘அரிஸ்டோகிராட்’ வகையுடன் வந்தது. சீப்புப்பல் நீங்கி முழுவிளிம்புக் காப்புத்தகடு கொண்ட ‘டெக்’ வகை 1930களின் இறுதிக்கு உரியது. ‘சூப்பர் ஸ்பீடு’ 1947இல் வந்தது. ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணிட்ட வளையத்தால் பிளேடின் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் வகை 1950களின் இறுதியில் பரவியது. அதன் பருத்த கைப்பிடியால் ‘ஃபேட்பாய்’ என்னும் பட்டப்பெயர் அதற்கு ஏற்பட்டது.

எழுத்தும் எண்ணும்

1950-51 வாக்கில் அமெரிக்க ஜில்லெட் கருவிகளின் தலைப்பகுதியின் அடியில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் பொறிக்கப்படலாயின. எழுத்து ஆண்டையும், எண் அவ்வாண்டின் காலாண்டையும் குறிக்கும். ‘டபிள்யூ’ 1951, ‘இசட்’ 1954, 1955இல் மீண்டும் ‘ஏ’ தொடங்குகிறது. இவ்வரிசையில் ‘எஃப் 3’ என்பது 1960ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டு. ‘ஜே 1’ என்பது 1964இன் முதற் காலாண்டு. காப்புரிமை நாளைப் போலன்றி, செய்யப்பட்ட காலத்தைக் குறிப்பதற்கென்றே இடப்பட்ட குறி இது.

ஆயினும் இதிலும் ஒரு கண்ணி உள்ளது. ‘கியூ’ எழுத்து விடுபட்டமையால் வரிசை 25 ஆண்டுகளில் திரும்பி வருகிறது. ‘டபிள்யூ’ 1951ஆகவும் இருக்கலாம், 1976ஆகவும் இருக்கலாம். பிரபவ முதல் அட்சய வரையான அறுபதாண்டுச் சுழற்சியில் ஒரே ஆண்டுப் பெயர் மீளும்போது நாம் எதிர்கொள்ளும் சிக்கலே இது. தீர்வும் அதுவே: பிற சான்றால் சுழற்சியை உறுதிசெய்தல். 1960களின் இறுதியில்தான் அறிமுகமான ‘சூப்பர் அட்ஜஸ்டபிள்’ வகையில் ‘டபிள்யூ’ இருப்பின் அது 1976. 1940களின் கைப்பிடி வடிவம் மாறாத ‘சூப்பர் ஸ்பீடு’ வகையில் இருப்பின் 1951.

இவ்வட்டவணையை இங்கிலாந்தில் செய்யப்பட்டவற்றின்மீது அப்படியே ஏற்றிப் பார்த்தல் கூடாது. நம் நாட்டுப் பழைய வீடுகளிலும் பழம்பொருள் கடைகளிலும் ‘மேட் இன் இங்கிலாந்து’ எனப் பொறித்த ஜில்லெட்டுகள் காணப்படுவதுண்டு. இலண்டனை ஒட்டிய ஐல்வர்த்தில், கட்டடக்கலை வரலாற்றாசிரியர் பானிஸ்டர் ஃபிளெச்சர் வடிவமைத்த, மணிக்கூண்டு உடைய ஆலை 1937இல் இயங்கத் தொடங்கியது. எனினும் அதற்கு முன்பே அந்நிறுவனத்துக்கு இங்கிலாந்தில் உற்பத்தி இருந்தமையால், இப்பொறிப்பை மட்டும் கொண்டு 1937ஐ முன்னெல்லையாக்க இயலாது.

தொடக்க காலக் கருவிகளில் காணப்படும் வரிசை எண்கள் வேறு வகைச் சான்று. முதலில் வெறும் எண்ணாகவும், பின்னர் எழுத்து முன்னொட்டுடனும் வரும் இவை, எது முந்தியது எது பிந்தியது என்பதை நன்கு காட்டும். ஆண்டை நேரடியாகக் காட்டா. வரிசை எண்ணை ஆண்டாக மாற்றும் பட்டியல்கள் பின்னாளில் தொகுக்கப்பட்டவை. கல்வெட்டின் ஆட்சியாண்டைக் கிறித்தவ ஆண்டாக மாற்றும்போது அரசரின் முடிசூட்டு ஆண்டு குறித்த நம் முடிவே விடையைத் தீர்மானிப்பதுபோல, இங்கும் பட்டியலின் நம்பகம் விடையைத் தீர்மானிக்கிறது. எனவே வரிசை எண்ணை அப்படியே பதிந்து, அதிலிருந்து பெற்ற ஆண்டைத் தனியே குறிப்பதே தக்கது.

பெட்டி, பூச்சு, மாற்றுறுப்பு

மூன்று உறுப்புகளும் திருகிக் கழற்றத்தக்கவை. ஒன்றின் கைப்பிடி இன்னொன்றின் தலையில் ஏறிவிடும். பழைய பொருள் வணிகத்தில் இது வேண்டுமென்றும் நிகழ்கிறது, அறியாமலும் நிகழ்கிறது. ஆகவே ஒரு பொறிப்பு அது உள்ள உறுப்புக்கு மட்டுமே சான்று. பெட்டியும் அவ்வாறே. 1918இல் அமெரிக்க அரசு படைவீரர்களுக்காக 35 இலட்சம் ரேசர்களை ஜில்லெட்டிடம் வாங்கியது. இதனால் படைப்பிரிவின் உடைமை எனப் பொறித்த பெட்டிகள் பெரும் எண்ணிக்கையில் புழக்கத்துக்கு வந்தன. அப்பெட்டிக்குள் இன்று இருக்கும் கருவி போர்முனை கண்டது என்பதற்கு அப்பெட்டி உறுதி தாராது.

வெள்ளி, பொன் அல்லது நிக்கல் பூச்சிட்ட பித்தளையே பெரும்பாலான கருவிகளின் பொருள். தேய்ந்த பூச்சைச் சுரண்டி மெருகேற்றி மீண்டும் பூசும் வழக்கம் சேகரிப்பாளரிடையே பெருகியுள்ளது. கண்ணுக்கு அழகு கூடுகிறது. மெருகேற்றும்போது ஆழமற்ற பொறிப்புகள் கரைந்துவிடுகின்றன. கோயில் திருப்பணியில் மணற்பீச்சுக்கு உள்ளாகி மங்கிய கல்வெட்டுகளைப் படியெடுக்க முயன்றவர் இவ்விழப்பின் தன்மையை உணர்வர்.

ஐந்து டாலர்க் கருவியும் ஒரு டாலர்க் கருவியும்

சில ஆண்டுகள் முன்பின்னாகக் குறித்தால் என்ன கெட்டுவிடும் என்னும் கேள்வி இயல்பானது. வணிகவியல் பாடநூல்களில் இன்றும் சொல்லப்படும் கதையொன்று இதற்கு விடையளிக்கிறது. ரேசரை மலிவாகவோ இலவசமாகவோ கொடுத்து, அதற்குரிய பிளேடுகளைத் தொடர்ந்து விற்று ஈட்டுவதே ஜில்லெட் கண்டுபிடித்த உத்தி என்பது அக்கதை. அச்சுப்பொறியும் மையும், விளையாட்டுக் கருவியும் அதன் தட்டும் என இன்று பலவற்றுக்கும் இவ்வுத்தியே மூலமாகக் காட்டப்படுகிறது.

சிக்காகோ பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ராண்டல் பிக்கர் இக்கதையை விலை, காப்புரிமை ஆகியவற்றின் கால வரிசையோடு ஒப்பிட்டு மறுத்துள்ளார். காப்புரிமை நடப்பிலிருந்த காலம் முழுவதும் ஜில்லெட் ரேசரின் விலை 5 டாலர். அக்காலத் தொழிலாளியின் வாரக் கூலியில் அது கணிசமான பங்கு. போட்டியாளர் எவரும் பொருந்தும் பிளேடு செய்ய இயலாதிருந்த அக்காலத்தில்தான் ரேசரை மலிவாகக் கொடுத்துப் பிளேடில் ஈட்டும் வாய்ப்பு முழுமையாக இருந்தது. நிறுவனம் அதைச் செய்யவில்லை. 1921இல் உரிமை முடியும் தறுவாயில், எவரும் பிளேடு செய்யலாம் என்னும் நிலை வந்தபோதுதான், பழைய வகை ரேசர் ஒரு டாலருக்கு இறங்கியது; பிற வணிகர்கள் தம் பொருளுடன் இலவச இணைப்பாகக் கொடுக்கவும் அது மொத்தமாக விற்கப்பட்டது.

இங்கேதான் காலங்கணிப்பு தன் முழு எடையைப் பெறுகிறது. 1910இல் 5 டாலருக்கு விற்றதும் 1921க்குப் பின் ஒரு டாலருக்கு விற்றதும் ஒரே அமைப்பின. இரண்டும் மூன்று துளைப் பிளேடுக்கு உரியவை. மலிவான பெட்டியோடு கிடைத்த பிற்காலக் கருவியை ‘1904’ எனப் பதிந்துவிட்டால், தொடக்கத்திலிருந்தே ஜில்லெட் மலிவாகக் கொடுத்தார் என்பதற்கு அது பருப்பொருள் சான்றாகிவிடும். ஆவணங்கள் மறுக்கும் கதையை அருங்காட்சியகக் குறிப்பட்டை மெய்யாக்கிவிடும். பெட்டியின் பொருள், பூச்சின் தரம், வரிசை எண் இருத்தலும் இன்மையும் ஆகியவற்றை ஒருங்கே நோக்காமல் இவ்விரு கருவிகளையும் பிரிக்க இயலாது என்பதே என் துணிபு. அழகிய பெட்டியில் இருப்பவற்றை மட்டும் சேர்த்துவைக்கும் சேகரிப்பு மரபும் இவ்வாய்வுக்குத் துணைசெய்வதில்லை. அட்டைப்பெட்டியில் விற்ற மலிவுக் கருவிகளே இவ்வரலாற்றின் திருப்புமுனைக்குச் சாட்சிகள்.

பதிவுமுறை குறித்து

தனியார் சேகரிப்புகளோ கல்லூரி அருங்காட்சியகங்களோ இத்தகைய பொருள்களைப் பதிவு செய்யும்போது ஆண்டுக்கு ஒரே கட்டம் வைப்பதால்தான் பொறிப்பின் நாள் அக்கட்டத்துக்குள் போய் அமர்கிறது. பொறிப்பை உள்ளவாறே எழுத ஒரு கட்டமும், முன்னெல்லை, பின்னெல்லைகளுக்குத் தனித்தனிக் கட்டங்களும், அவ்வெல்லைகளுக்கான காரணத்துக்கு ஒரு கட்டமும் இருத்தல் வேண்டும். உறுப்புகள் ஒன்றோடொன்று மாறியிருக்க வாய்ப்புள்ளமையால் தலை, காப்புத்தகடு, கைப்பிடி, பெட்டி ஆகியவற்றைத் தனித்தனியே பதிதல் நன்று.

எடுத்துக்காட்டாக, 1904 நவம்பர் 15 எனப் பொறித்த, தோள்மேடு இல்லாத காப்புத்தகடும் மூன்று துளைப் பிளேடுக்குரிய மேல்மூடியும் கொண்ட ரேசரைப் பின்வருமாறு பதியலாம். முன்னெல்லை: 1904 நவம்பர் 15, காரணம்: பொறிப்பு. பின்னெல்லை: 1920களின் இடைப்பகுதி, காரணம்: பழைய வகை 1921க்குப் பின்னும் மலிவு விலையில் தொடர்ந்தமை, குறிப்பு: மதிப்பீடு. அதன் பெட்டியில் நீள்பிளவுப் பிளேடு இருப்பின் அது வேறொரு வரியில் வரும்: 1930க்குப் பின்னும் பயன்பாட்டில் இருந்தது.